பழி ஓரிடம்: இழுக்காத டீசல் வண்டியும் டர்போவின் தலையெழுத்தும்

"டர்போ போச்சு." டீசல் வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் செனாவாங், பாரோய், ரந்தாவ் வட்டாரத்தில் கிடைக்கும் தீர்ப்பு இதுதான். பானெட்டைத் திறக்கும் முன்பே வந்துவிடும். அடுத்த வாக்கியமும் நாக்கு நுனியில் காத்திருக்கும்: "ரீகோன் போட்டா இவ்வளவு, ஹாஃப்-கட் கடையில எடுத்தா இவ்வளவு, புதுசுன்னா நீங்களே யோசிச்சுக்குங்க அண்ணே." ஃபோர்மேன்கள் மட்டும் இப்படிச் சொன்னால் தொழில் தந்திரம் என்று தள்ளிவிடலாம். திருவிழாப் பந்தலிலும் கல்யாண மண்டப வாசலிலும் ஒட்டுக்கடை மேசையிலும் வண்டி வைத்திருக்கிற மாமன் மச்சான் அத்தனை பேரும் இதையே சொல்கிறார்கள். வண்டிக்கு வயதாகிவிட்டால் டர்போ சாகும்; இழுவை குறைந்தால் அது செத்ததற்கு அடையாளம்; மாற்றினால் வண்டி பழையபடி ஓடும். ஊரே நம்பும் இந்த மூன்றும் தப்பு. மூன்றாவது தப்புதான் பணத்தைக் கரைப்பது, ஏனென்றால் முதல் டர்போவைக் கொன்ற காரணம் இரண்டாவது டர்போவுக்காகவும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நெகிரி செம்பிலானில் இது வெறும் வண்டிப் பிரியர்களின் சண்டை இல்லை. சொந்தமாகச் செம்பனை வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர், குலை ஏற்றும் குத்தகைக்காரர், மருந்தடிக்க ஆள் கூட்டிப் போகிறவர், சிரம்பான் சந்தைக்குக் காய்கறி கொண்டுவருகிறவர் என்று பலருக்கும் ஹைலக்ஸோ டிரைட்டனோ டி-மேக்ஸோ நவாராவோதான் பிழைப்பு. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே நாளில் ஏறியது. தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி புடி மடானி உதவி வந்தது உண்மை. ஆனால் மூச்சுத் திணறும் இன்ஜின் குடிக்கும் கூடுதல் எண்ணெய்க்கு அரசாங்கம் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த நேரம் பார்த்து, தேவையே இல்லாத டர்போவுக்கு ஆயிரக்கணக்கில் அழுகிறவர்களைப் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

டர்போ செய்கிற வேலை சின்னது. 2.5 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டர்போ இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர் காற்றை அது உள்ளே இழுக்கும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். காற்றைக் கூட்டாமல் எண்ணெயை மட்டும் கூட்டினால் கிடைப்பது சக்தி இல்லை, புகை. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் அதே கொள்ளளவுக்குள் ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று நுழையும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி இதற்குக் காப்புரிமை பெற்றது 1905இல். 1978இல் மெர்சிடிஸ் 300எஸ்டி வந்தபோதுதான் கார் வாங்குகிறவனுக்கு டர்போ டீசல் கிடைத்தது. நடுவில் இருந்த எழுபது ஆண்டுகளில் அது கப்பலிலும் ரயிலிலும் மின் நிலையத்திலும் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடிப் பழகிவிட்டது. சட்டென்று செத்துப்போகும் சாதனமாக இருந்திருந்தால் கப்பல்காரன் அதை நடுக்கடலுக்கு நம்பிக் கொண்டுபோயிருப்பானா?

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "கப்பல் டர்போ வேற, நம்ம டர்போ வேற. இது நிமிஷத்துக்கு லட்சம் சுத்து சுத்துது, எழுநூறு டிகிரி சூட்டுல வேகுது. அதுதான் முதல்ல போகும்." சுற்றும் உண்மை, சூடும் உண்மை. முடிவுதான் பிழை. அந்தத் தண்டு உலோகத்தின் மேல் உரசிக்கொண்டு சுற்றவில்லை. இன்ஜின் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. சுத்தமான ஆயில் தடையில்லாமல் வரும்வரை தேய்வதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. டர்போவைக் கொல்பவை மூன்று: ஆயில் வராமல் போவது, அழுக்கு ஆயில் வருவது, மணலோ உடைந்த துண்டோ சக்கரத்தில் அடிப்பது. மூன்றுமே வெளியிலிருந்து வருபவை. அதனால் செத்த டர்போவைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "இதைக் கொன்றது எது?"

செத்த டர்போவின் கதை கடைசியில். அதற்கு முன் சாகாத டர்போவைக் கழற்றுகிற கதை இருக்கிறது, அதுதான் அதிகம்.

வண்டி இழுக்கவில்லை என்றதும் வர்க்‌ஷாப்பில் முதலில் கேட்க வேண்டியது புகையைப் பற்றி. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து மேடு ஏறும்போது பின்னால் என்ன நிறம்? கரும்புகை கொட்டுகிறது, ஆனால் இழுக்கவில்லை என்றால், எண்ணெய் போகிறது, காற்று போதவில்லை. இன்றைய டீசல் வண்டிகள் பலவற்றில் ஃபில்டரை அடுத்து ஒரு காற்றளவு சென்சார் இருக்கும். உள்ளே வந்த காற்றை அளந்து, அதற்கு எவ்வளவு எண்ணெய் விடலாம் என்று கணினி முடிவு செய்கிறது. சென்சாரைத் தாண்டிய பிறகு, டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஏதோ ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் அந்தச் சென்சாருக்கு அது தெரியாது. காற்று வந்துவிட்டது என்று நம்பிக் கணினி எண்ணெயை அளந்து ஊற்றும். காற்றோ பாதி வழியில் வெளியே போயிருக்கும். கரும்புகை அங்கிருந்து வருகிறது. இ.ஜி.ஆர். வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் இதே கரும்புகை வரும், ஏனென்றால் நல்ல காற்று இருக்க வேண்டிய இடத்தில் பழைய புகை திரும்ப நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது.

புகையே இல்லை, ஆனால் இழுக்கவும் இல்லை என்றால் கதை தலைகீழ். இங்கே எண்ணெயே போகவில்லை. காற்றளவு சென்சார் அழுக்கேறிக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். கணினி அதை நம்பி எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். உயரழுத்தப் பம்புக்குள் போகும் டீசலைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இந்த வட்டாரத்தில் ஓடும் ஜப்பான் பிக்-அப்களில் இது பழக்கமான வியாதி. இல்லையென்றால் வேறெங்கோ ஒரு கோளாறைப் பார்த்த கணினி, இன்ஜினைக் காப்பாற்ற சக்தியைத் தானே குறைத்து வைத்திருக்கலாம். காற்றளவு சென்சார் இல்லாமல் அழுத்த சென்சாரை மட்டும் நம்பி ஓடும் வண்டிகளில் ஹோஸ் வெடித்தாலும் கரும்புகை அதிகம் வராது, இழுவை மட்டும் குறையும். எந்த வகை வண்டி என்று தெரிந்துகொண்டு பேசுவது அதனால்தான் முக்கியம். மூன்றாவது நிறம் நீலம். வண்டி இன்ஜின் ஆயிலை எரிக்கிறது என்று பொருள். டர்போவின் மேல் சந்தேகப்பட நியாயம் பிறப்பது இந்தப் புகையில்தான், அதுவும் சந்தேகம் மட்டும். வால்வு சீலும் பிஸ்டன் ரிங்கும்கூட நீலப்புகை விடும்.

கரும்புகை பற்றி இடையில் ஒன்று. "டீசல் வண்டின்னா புகை விடத்தான் செய்யும்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் ஒழுங்குமுறைப்படி டீசல் வண்டியின் புகை ஹார்ட்ரிட்ஜ் அளவில் 50ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் எரியாமல் கரியாகப் போகிறது என்பதுதான் அந்தப் புகையின் அர்த்தம்.

"சரி, ஸ்கேனர் போட்டுத்தானே பார்த்தோம், டர்போனு காட்டுச்சே" என்பது அடுத்த வாதம். ஸ்கேனர் காட்டியது பி0299 என்ற எண்ணாக இருக்கும். அந்த எண்ணுக்கு இருக்கிற பொருள் ஒன்றுதான்: கணினி கேட்ட காற்றழுத்தம் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஹோஸ் கிழிந்தாலும் அதே எண், இன்டர்கூலர் விரிசல் விட்டாலும் அதே எண், ஒரு விரல் நீள வாக்குவம் குழாய் கழன்றாலும் அதே எண். வீட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றதும் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டாரை மாற்றுகிறவனை நாம் என்னவென்று சொல்வோம்?

ஸ்கேனரைச் சரியாகப் படிக்காததால் வரும் இன்னொரு கூத்தும் உண்டு. இன்ஜினுக்குள் போகும் காற்றழுத்தத்தைக் காட்டும் எண் பெரும்பாலான வண்டிகளில் முழு அழுத்தம். அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தது. சாவியைத் திருகி, இன்ஜினை ஓடவிடாமல் பார்த்தால் செனாவாங்கில் அது 100 கிலோபாஸ்கலை ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று பொருள், டர்போவைப் பற்றி அது இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. முழு மிதியில் மேடு ஏறும்போது அந்த எண் வண்டிக்கு வண்டி மாறினாலும் 200ஐத் தாண்டி ஏற வேண்டும். மேட்டிலும் 110இலேயே நின்றால் டர்போ அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். வர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தி, கியர் போடாமல் ஆக்சிலேட்டரை முறுக்கி, "பாருங்க, 120 காட்டுது, ஏறலை, டர்போ அவுட்" என்று சொல்கிறவர் தன்னையும் ஏமாற்றிக்கொள்கிறார். சுமை இல்லாத இன்ஜினில் புகை குறைவு. புகை குறைந்தால் டர்போ சுற்றுவதற்கு உந்துதல் இல்லை. நல்ல டர்போகூட அங்கே அதிகம் காட்டாது. ஸ்கேனரை மாட்டியபடியே கோலாப்பிலா போகும் பாதையில் புக்கிட் புத்துஸ் மேட்டுக்கு ஓட்டிப் போங்கள், மூன்றாம் கியரில் முழுக்க மிதியுங்கள், கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயற்கை நமக்கு இலவசமாகக் கொடுத்த சோதனைக் களம் அது. போய்வர ஆகும் நேரத்தைச் சேமிக்கத்தான் டர்போ மாற்றப்படுகிறது என்று சொன்னால் கோபப்படுவார்கள், ஆனால் நடப்பது அதுதான்.

காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது ராக்கெட் வித்தை இல்லை. டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதன் வழியே கம்ப்ரெசர் காற்றை ஒரு பாருக்கு மிகாமல் மெல்ல விட வேண்டும். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தெளித்தால் நுரை தானே காட்டிக்கொடுக்கும். இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, ஹோஸின் அடிப்பக்கம், கிளிப்பின் கீழே இருக்கும் வெட்டு, இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடங்கள். சில ஹோஸ்கள் இன்னும் தந்திரமானவை: வெளியே முழுசாக இருக்கும், அழுத்தம் ஏறினால்தான் பிளவு வாய் திறக்கும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய் நேர் எதிர். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஆவி பட்டு மெத்தென்று ஆகி, டர்போ பலமாக உறிஞ்சும்போது உள்நோக்கிச் சுருங்கி மூச்சை அடைக்கும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கையால் நசுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

தோட்டத்து வண்டிக்கென்று இருக்கிற எதிரி எலி. இன்றைய டீசல் டர்போக்களில் பெரும்பாலானவற்றில் புகை நுழையும் வாயில் நகரும் இதழ்கள் இருக்கின்றன. குறைந்த வேகத்தில் இதழ்கள் நெருங்கி வழியைக் குறுக்கும். புகை வேகமாகப் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும். வேகம் ஏறினால் இதழ்கள் விரியும். பல வண்டிகளில் இவற்றை அசைப்பது வாக்குவம். அந்த வாக்குவத்தைக் கொண்டுபோவது பென்சிலைவிட மெல்லிய ரப்பர் குழாய். செம்பனைத் தோட்டத்தில் எலி எவ்வளவு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எலியைப் பிடிக்கவென்றே கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். ஆந்தை செம்பனைக் குலையைக் காக்கும், இரவில் நிறுத்திய வண்டியின் பானெட்டுக்குள் வந்து உட்காராது. சூடான இன்ஜின் மேல் படுக்க வரும் எலி அந்தக் குழாயைக் கடித்துவிட்டால் இதழ்கள் விரிந்த நிலையிலேயே நின்றுவிடும். கீழ் வேகத்தில் உயிரே இல்லை, மேல் வேகத்தில் ஓரளவு ஓடுகிறது. ஓட்டுகிறவன் சொல்வது: "ஸ்டார்ட்டிங்ல இழுக்கல." கிடைக்கும் தீர்ப்பு: "டர்போ போச்சு." தேவைப்படுவது: சில வெள்ளிக்குக் கிடைக்கும் குழாய்த் துண்டு.

இதழ்கள் கரி படிந்து சிக்கிக்கொள்வதும் உண்டு, அதற்குத் தோட்ட வாழ்க்கையும் ஒரு காரணம். நாள் முழுக்கச் செம்பனை வரிசைகளுக்கு இடையே இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, ஒருமுறைகூட இன்ஜின் முழு மூச்சு விடாத வண்டியில் கரி படியாமல் என்ன செய்யும்? கையால் இயக்கும் வாக்குவம் பம்பை, இதழ்களை அசைக்கும் ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால் கம்பி வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், விட்டால் திரும்ப வேண்டும். தடுக்கித் தடுக்கி நகர்ந்தால் இதழ் சிக்கியிருக்கிறது. நகர்ந்தும் பம்பின் முள் தானே இறங்கினால் ஆக்சுவேட்டரின் உள்சவ்வு கிழிந்திருக்கிறது. நன்றாக நகர்ந்து நின்றால் குற்றவாளி குழாயோ கட்டுப்பாட்டு வால்வோ வாக்குவம் பம்போ, டர்போ இல்லை. இந்தச் சோதனைக்கு ஒரு தே தாரிக் ஆறும் நேரம் போதும். சிக்கிய இதழைக்கூடப் பல நேரம் கழற்றிச் சுத்தம் செய்து மீட்கலாம். இதைச் செய்யாமல் டர்போவைக் கழற்றுகிறவர் பழுது பார்க்கவில்லை, பொருள் விற்கிறார்.

இப்போது பயோடீசல். ஊரின் இன்னொரு பெரிய நம்பிக்கை இது: "பி10 வந்ததிலிருந்து வண்டிக்கெல்லாம் பவர் போச்சு, பாமாயில் டர்போவைத் தின்னுடுது." செம்பனையால் சோறு தின்கிற மாநிலத்தில் செம்பனை எண்ணெய் மேல் இவ்வளவு பகையா என்று ஆச்சரியமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செம்பனை மெத்தில் எஸ்டரில் லிட்டருக்கு இருக்கும் எரிசக்தி சாதாரண டீசலைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. பி10இல் அது கலந்திருப்பது பத்தில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கில் பத்தில் ஒரு பங்கு என்றால் நூற்றில் ஒன்று. நூற்றில் ஒரு பங்கு சக்தி குறைவதை எந்த ஓட்டுநரின் காலும் உணராது. பின்சீட்டில் ஓர் ஆள் கூடுதலாக ஏறினால் வரும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. எஸ்டரின் சீட்டேன் எண் டீசலைவிட உயர்வு, அதாவது சுலபமாகப் பற்றும். போரிம் என்ற செம்பனை எண்ணெய் ஆய்வுக்கழகம் 1980களிலேயே இதைச் சோதிக்கத் தொடங்கியது. பின்னர் மெர்சிடிஸ் பென்ஸ் பேருந்துகளில் ஊற்றி 3,00,000 கிலோமீட்டர் வரை ஓட்டிப் பார்த்தது. போக்குவரத்துக்கு பி5 வந்தது 2011இல், பி10 வந்தது 2019இல். டர்போவைத் தின்னும் எண்ணெய் என்றால் இத்தனை ஆண்டில் நாட்டின் லோரிகள் எல்லாம் சாலையோரத்தில் நின்றிருக்க வேண்டும்.

பயோடீசலுக்கு உண்மையான குறைகள் இருக்கின்றன, அவை டர்போவில் இல்லை. அது ஈரத்தை இழுக்கும். பழைய தொட்டியின் அடியில் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும். கிளம்பிய கசடு ஃபில்டரில் போய் அடையும். நீண்ட நாள் தேங்கினால் கெடும், நுண்ணுயிர் வளர்ந்து பாசி மாதிரி கட்டும். பெட்ரோல் நிலையத்தில் நேரடியாக அடிக்கிறவருக்கு இதில் பெரிதாகப் பிரச்சினை இல்லை. தோட்டத்துக் கொட்டகையில் டிரம்மில் வாங்கி வைத்து, பாதி டிரம் காற்றும் பாதி டிரம் எண்ணெயுமாக மாதக்கணக்கில் விட்டு, இரவுக் குளிரில் உள்ளே வேர்த்த தண்ணீரோடு சேர்த்து வண்டியில் ஊற்றுகிறவருக்குத்தான் பிரச்சினை. அந்தத் தண்ணீரும் பாசியும் ஃபில்டரை அடைக்கும், எஸ்சிவி வால்வை ஒட்டவைக்கும், முழு மிதியில் உயரழுத்தக் குழாயில் வர வேண்டிய அழுத்தம் வராது. வண்டி இழுக்காது. ஸ்கேனரில் பார்த்தால் பி0087 என்ற எண் இருக்கும். அது டீசல் அழுத்தக் குறைவு, காற்றோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஃபில்டரின் அடியிலிருக்கும் தண்ணீரை வடிப்பதும் நேரத்துக்கு ஃபில்டர் மாற்றுவதும் டிரம்மின் அடி நாலு விரல் எண்ணெயை வண்டிக்கு ஊற்றாமல் இருப்பதும் இதற்கு மருந்து. ஆனால் "பாமாயில் கெடுத்துடுச்சு" என்று சொன்னால் பழி அரசாங்கத்தின் மேல் போகும், கொட்டகையைக் கழுவ வேண்டியதில்லை. அந்த வசதிக்காகவே இந்த நம்பிக்கை நீடிக்கிறது.

இ.ஜி.ஆர். வழியைத் தகடு போட்டு அடைத்துவிட்டால் எல்லாம் தீரும் என்கிற கூட்டத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிக்கிய வால்வைச் சுத்தம் செய்யலாம், கெட்டதை மாற்றலாம். தகடு அடித்த பிறகும் இழுக்காத வண்டி ஊரில் நிறைய ஓடுகிறது, அதுவே போதுமான பதில்.

எதிர்த்தரப்பில் இருக்கிற ஒரே வலுவான வாதம் பணத்தைப் பற்றியது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஃபோர்மேன் கேட்பார்: "அண்ணே, நீங்க சொல்ற மாதிரி குழாய் அடைச்சு, சோப்பு அடிச்சு, புக்கிட் புத்துஸ் போய் வந்து, அரை நாள் வேலை பாத்து, கடைசில கிளிப் ஒண்ணு லூஸுனு சொன்னா, கஸ்டமர் என்ன குடுப்பார்? இருபது வெள்ளி குடுத்துட்டு 'கிளிப்புக்கா இவ்வளவு'னு கேட்டுட்டுப் போவார். டர்போ மாத்தினா கேள்வி கேக்காம ஆயிரக்கணக்குல குடுப்பார்." அவர் சொல்வது உண்மை. நம் ஆட்கள் கையில் தூக்கிப் பார்க்க முடிகிற பொருளுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். யோசிப்பதற்கும் அளப்பதற்கும் கொடுப்பதில்லை. அளக்கிறவனுக்குக் கூலி இல்லாத இடத்தில் அளப்பது நின்றுபோகும்; ஃபோர்மேனை மட்டும் திட்டிப் பயனில்லை.

இதில் வருத்தமான விஷயம், அளந்து பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை என்பது. செம்பனை ஆலைகளிலும் ரப்பர் ஆலைகளிலும் இன்ஜினையும் கொதிகலனையும் பார்த்துக்கொண்ட தமிழர்கள் அழுத்தத்தையும் சூட்டையும் மணிக்கு மணி ஏட்டில் எழுதியவர்கள். அழுத்தம் இறங்கினால் பம்பை மாற்று என்று கூச்சலிடவில்லை. போன மணியில் என்ன, நேற்று இதே நேரத்தில் என்ன என்று ஏட்டைப் புரட்டினார்கள். சட்டம் கேட்ட சான்றிதழ் இல்லாமல் அந்த வேலையில் நிற்க முடியாது. அந்த ஆலையின் பிள்ளைகளும் பேரன்களும்தான் இன்று சிரம்பானிலும் செனாவாங்கிலும் ஸ்பேனர் பிடித்திருக்கிறார்கள். ஏடு மட்டும் வரவில்லை. ஒரு வண்டி நன்றாக ஓடும்போது புக்கிட் புத்துஸ் மேட்டில் அழுத்தம் எவ்வளவு, உயரழுத்தக் குழாயில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருந்தால், இரண்டு ஆண்டு கழித்து இழுக்காதபோது அந்தத் தாள் எந்த ஸ்கேனரையும்விட நன்றாகப் பேசும். சர்வீஸுக்கு விடும்போது இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள்.

டர்போ உண்மையிலேயே செத்துப்போவது உண்டு, அதை மறுப்பது என் நோக்கம் இல்லை. ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிடும் சத்தம் வந்து, நீலப்புகை கொட்டி, இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றியதும் ஆயில் வழிந்தால் சந்தேகம் வேண்டாம். அப்படிப்பட்ட வண்டியை வீடுவரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பது முட்டாள்தனம். சீல் முழுக்கப் போனால் டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியைத் திருகி அணைத்தாலும் நிற்காமல் ஓடி வெடிக்கும். தண்டைக் கையால் ஆட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு, எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டிய இடம் அது. சக்கரம் சுவரில் உரசுகிறதா, தண்டு முன்னும் பின்னும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. லேசாக ஆடியதைக் காட்டியே நல்ல டர்போவை விற்றுத் தள்ளியவர்கள் உண்டு.

செத்தது உறுதியானால் புதியதைப் போடுமுன் செய்ய வேண்டிய வேலை பழையதைக் கழற்றுவதைவிடப் பெரிது. ஆயில் வரும் மெல்லிய குழாய் உள்ளே கரியாகி அடைத்திருக்கும். அதைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும். ஆயில் திரும்பிப் போகும் குழாயையும் பார்க்க வேண்டும், அது அடைத்தால் புது டர்போவும் முதல் நாளிலிருந்தே கசியும். டொயோட்டாவின் 1கேடி, 2கேடி இன்ஜின்களில் இன்ஜெக்டர் அடி வாஷர் கசிந்து, எரியும் புகை ஆயிலில் கலந்து, சம்பின் அடியிலிருக்கும் வலையைக் கரி அடைப்பது உலகறிந்த விஷயம். அதைப் பார்க்காமல் ஹைலக்ஸில் டர்போ மாற்றினால் அந்தப் புது டர்போவும் ஆயிலுக்கு ஏங்கித்தான் சாகும். உடைந்த சக்கரத்தின் துண்டு இன்டர்கூலரில் கிடந்தால் அது இன்ஜினுக்குள் போகும், ஆகவே இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவ வேண்டும். காற்று ஃபில்டர் பெட்டியின் கிளிப் சரியாக மூடுகிறதா, செம்மண் தூசி வேறு வழியாக உள்ளே போகிறதா, ஃபில்டர் தாளைக் கம்ப்ரெசரால் ஊதி ஊதிக் கிழித்து வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். கடைசியில் புது ஆயில் ஊற்றி, புது ஆயில் ஃபில்டர் போட்டு, டர்போவுக்குள் கையால் ஆயில் விட்டு, எரிபொருளை நிறுத்திவைத்து இன்ஜினைச் சுற்றவிட்டு ஆயில் அழுத்தம் ஏறிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இந்த வேலைகளில் எவற்றைச் செய்தார்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய டர்போவையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத மறுக்கிற இடத்தில் "ஆறு மாசம் வாரண்டி" என்று சொன்னால் அந்த வாரண்டி டர்போவுக்கு மட்டும்தான், அதைக் கொல்லப் போகிற அடைத்த குழாய்க்கு இல்லை.